பிஎச் 9 தண்ணிய விட பிஎச் 8.3 சோடா கரைசல் எப்படி அதிக ஆசிட்ட தாங்குது?

கேள்விப்பெட்டி:
எல்லாருக்கும் வணக்கம், மண்டைய குடையுற ஒரு விஷயம், தெரிஞ்சவங்க விளக்குங்க. ரெண்டு கிளாஸ் எடுத்துக்கிட்டேன், ரெண்டுலயும் 200 மில்லி தண்ணி. ஒண்ணுல காஸ்டிக் சோடாவ (சோடியம் ஹைட்ராக்சைடு) ரொம்ப ரொம்ப நீர்க்க வெச்சு பிஎச் 9 வர்ற மாதிரி பண்ணது, இன்னொண்ணுல ஒரு கிராம் சமையல் சோடா கரைச்சது, அது பிஎச் பாக்கற கலர் ஸ்ட்ரிப்ல 8-க்கு கொஞ்சம் மேல தான் காட்டுது. ரெண்டுலயும் வினிகர சொட்டு சொட்டா விட்டேன். மொத கிளாஸ் ஒரே சொட்டுல அமிலப் பக்கம் போயிடுச்சு. சோடா கிளாஸ்ல விட விட நுரை தான் வருது, ஸ்ட்ரிப் 7 பக்கத்துலயே நிக்குது. பிஎச் ஜாஸ்தின்னா காரம் ஜாஸ்தின்னு தானே படிச்சோம், அப்ப 9 தோத்து 8.3 ஜெயிக்கறது எப்படி?

நைட்ஷிப்ட்:
நல்ல கேள்வி. நானும் வெயிட்டிங்.

நீலலிட்மஸ்:
நீங்க பண்ண டெஸ்ட் ரொம்ப சரியானது, அதுலயே பதிலும் இருக்கு. பிஎச்ங்கறது அந்த நிமிஷம் தண்ணில சுதந்திரமா திரியுற ஹைட்ரஜன் அயனியோட செறிவ சொல்ற எண், அவ்வளவு தான். உள்ள மொத்தம் எவ்வளவு காரம் இருக்குன்னு அது சொல்லாது. கணக்கு போட்டு பாருங்க. பிஎச் 9-னா ஒரு லிட்டர்ல ஹைட்ராக்சைடு (காரத்தன்மைய குடுக்குற அயனி) 0.00001 மோல், மோல்ங்கறது துகள் எண்ணிக்கைய அளக்குற அலகு. உங்க 200 மில்லில 0.000002 மோல். இரைப்பை அமிலம் மாதிரி பிஎச் 2 உள்ள ஆசிட்ல ஒரு லிட்டருக்கு 0.01 மோல் இருக்கு, அப்ப உங்க மொத கிளாஸ் முழுசும் சேந்து அந்த ஆசிட்ல 0.2 மில்லிய தான் சரிக்கட்டும், அதாவது நாலு சொட்டு. வினிகர் அத விட பல மடங்கு செறிவு, அதனால ஒரு சொட்டே ஓவர்.

இப்ப சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். அது ஒரு மோல் 84 கிராம், ஒரு கிராம்னா 0.012 மோல் கிட்ட. அதே பிஎச் 2 ஆசிட்ல கிட்டத்தட்ட 1.2 லிட்டர சரிக்கட்டும். நாலு சொட்டு எங்க, 1.2 லிட்டர் எங்க! ஆறாயிரம் மடங்கு வித்தியாசம். பிஎச்ங்கறது கையில இருக்க சில்லறை மாதிரி, சோடா கிட்ட கையில சில்லறை கம்மி ஆனா பீரோ நிறைய பணம் இருக்கு, ஆசிட் வந்து கேக்க கேக்க எடுத்து குடுத்துக்கிட்டே இருக்கும்.

கேள்விப்பெட்டி:
அடேங்கப்பா. ஆறாயிரம் மடங்கா. இன்னொரு டவுட் அண்ணா, ரெண்டு கிராம், அஞ்சு கிராம்னு சோடாவ ஏத்தி பாத்தேன், அப்பவும் ஸ்ட்ரிப் அதே கலர் தான் காட்டுது. ஸ்ட்ரிப் பழசாயிடுச்சா?

நீலலிட்மஸ்:
ஸ்ட்ரிப் நல்லா தான் இருக்கு. பைகார்பனேட் ரெண்டு பக்கமும் போகும், ஆசிட் வந்தா ஹைட்ரஜன் அயனிய வாங்கி கார்பானிக் அமிலம் ஆகும், காரம் வந்தா ஹைட்ரஜன் அயனிய விட்டுட்டு கார்பனேட் ஆகும். இந்த ரெண்டு மாற்றத்துக்கும் பிகேஏன்னு ஒரு எண் உண்டு, எந்த பிஎச்ல பாதிக்கு பாதி மாறிருக்கும்னு சொல்றது, 6.35, 10.33. தனியா பைகார்பனேட் மட்டும் தண்ணில இருந்தா பிஎச் இந்த ரெண்டுக்கும் நட்ட நடுவுல போய் உக்காரும், கூட்டி ரெண்டால வகுத்தா 8.34. பாருங்க, இந்த கணக்குல எத்தன கிராம் போட்டோம்ங்கறதே வரல. ரொம்ப நீர்த்தா தான் கொஞ்சம் மாறும். எனக்கு வேதியியல்ல ரொம்ப பிடிச்ச விஷயங்கள்ல இது ஒண்ணு, அளவு கூடுது, தாங்கு சக்தி கூடுது, பிஎச் மட்டும் அசையாம நிக்குது.

துடைப்பம்:
அப்ப பாத்ரூம் கிளீன் பண்ண சமையல் சோடா வேஸ்ட், காஸ்டிக் சோடா தான் பெஸ்ட்னு சொல்றீங்களா?

ஆய்வகவாசி:
துடைப்பம், அப்படி யாரும் சொல்லல, தயவு செஞ்சு அந்த முடிவுக்கு போயிடாதீங்க. காஸ்டிக் சோடா ஒரு லிட்டர்ல 4 கிராம் போட்டாலே பிஎச் 13. நீங்க சாதாரணமா தொடுற சோப்புத்தண்ணி 9, 10 கிட்ட. 10-க்கும் 13-க்கும் மூணு தானே வித்தியாசம்னு தோணும், ஆனா இது லாக் ஸ்கேல், ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு, மூணு படின்னா ஆயிரம் மடங்கு. கை பட்டா வழவழன்னு இருக்கும், அது காரம் தோல் மேல இருக்க எண்ணெய் பசைய சோப்பா மாத்துறதால வர்ற வழவழப்பு. ஆசிட் பட்டா உடனே எரிச்சல் தெரியும், கைய எடுத்துடுவோம், காரம் பட்டா ஆரம்பத்துல வலியே தெரியாம போகலாம், அது பாட்டுக்கு புரதத்தையும் கொழுப்பையும் கரைச்சுக்கிட்டு உள்ள இறங்கிக்கிட்டே இருக்கும். கண்ணுல பட்டா நிலைமை இன்னும் மோசம். ஓடுற தண்ணில குறைஞ்சது 15, 20 நிமிஷம் விடாம கழுவணும், கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு பண்ணணும். சரிக்கட்டறேன்னு வினிகர ஊத்தக்கூடாது, நடுநிலையாகும்போது சூடு வரும், புண்ணு மேல சூடும் சேரும்.

இன்னொண்ணு, கரைக்கும்போது தண்ணில தான் காஸ்டிக் சோடாவ கொஞ்சம் கொஞ்சமா போடணும், சோடா மேல தண்ணிய ஊத்தக்கூடாது. 40 கிராம ஒரு லிட்டர்ல கரைச்சாலே சுமார் 10 டிகிரி சூடு ஏறும், கொஞ்சம் தண்ணிய நிறைய சோடா மேல ஊத்துனா அந்த இடத்துலயே கொதிச்சு மூஞ்சில தெறிக்கும். அலுமினிய பாத்திரம் வேண்டவே வேண்டாம், காரம் அலுமினியத்த தின்னு ஹைட்ரஜன் வாயு விடும், பக்கத்துல நெருப்பு இருந்தா ஆபத்து.

துடைப்பம்:
இவ்வளவு விவரமா சொன்னதுக்கு நன்றி சார். வினிகரையும் சோடாவையும் கலந்து ஊத்துனா நல்லா பொங்குதே, அது?

ஆய்வகவாசி:
பொங்கறது கார்பன் டை ஆக்சைடு. பொங்கி முடிஞ்சதும் மிச்சம் சோடியம் அசிடேட்டும் தண்ணியும் தான், ரெண்டும் ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கிட்டாச்சு, கிளீன் பண்ற சக்தி போயிடும். உப்புக்கறைக்கு வினிகர் தனியா, எண்ணெய் பிசுக்குக்கு சோடா தனியா, அப்படி போடுங்க. ஆனா பிளீச்சிங் திரவத்தோட மட்டும் எதையும் கலக்காதீங்க. அது உடையாம இருக்கணும்னு தான் பிஎச் 11-க்கு மேல வெச்சு அடைக்கறாங்க, ஆசிட் சேந்து பிஎச் இறங்குனா குளோரின் வாயு வரும். அமோனியா சேந்தா குளோரமைன் வரும். மூடுன பாத்ரூம்ல ரெண்டுமே உயிருக்கு உலை வைக்கிற சமாச்சாரம்.

நைட்ஷிப்ட்:
எனக்கு ஒண்ணு புரியல. அமோனியால ஹைட்ராக்சைடே இல்லையே, அப்புறம் எப்படி அது காரம்? அப்புறம் வீக் காரம்னு சொல்றாங்க, வீக்னா நீர்த்ததா?

நீலலிட்மஸ்:
வீக்குக்கும் நீர்த்ததுக்கும் சம்பந்தம் இல்ல ப்ரோ. அமோனியா தண்ணி கிட்ட இருந்து ஒரு ஹைட்ரஜன் அயனிய புடுங்கும், அப்ப தண்ணி ஹைட்ராக்சைடா மாறும், அந்த ஹைட்ராக்சைடு தான் காரத்தன்மைய குடுக்குது. ஆனா நூறு அமோனியா மூலக்கூறு இருந்தா ஒண்ணோ ஒண்ணரையோ தான் இப்படி புடுங்கும் (0.1 மோலார்ல, அதாவது லிட்டருக்கு 0.1 மோல்), மத்தது சும்மா அமோனியாவா மிதக்கும். அதனால 0.1 மோலார் காஸ்டிக் சோடா பிஎச் 13 காட்டுற இடத்துல 0.1 மோலார் அமோனியா 11.1 தான் காட்டும். ஆனா ஆசிட் ஊத்தி பாத்தீங்கன்னா ரெண்டும் ஒரே அளவு ஆசிட்ட தான் சரிக்கட்டும்! புடுங்குன அயனி செலவாக செலவாக மிச்ச அமோனியாவும் வேலைக்கு வந்துடும். மறுபடியும் அதே கதை தான், பிஎச் வேற, கொள்ளளவு வேற. கரையுற காரத்துக்கு மட்டும் தான் ஆல்கலின்னு பேரு, காப்பர் ஆக்சைடு காரம் தான், ஆசிட்ட சரிக்கட்டும், ஆனா தண்ணில கரையாது, அதனால லிட்மஸ தொட்டாலும் ஒண்ணும் நடக்காது.

மீன்தொட்டி:
இந்த இழைய ரொம்ப ஆர்வமா படிக்கறேன், மீன் வளக்கறவங்களுக்கு இது உயிர் பிரச்சனை, அதனால என் பங்குக்கு கொஞ்சம் எழுதறேன். எங்க கிட்ட ரெண்டு டெஸ்ட் கிட் இருக்கும், ஒண்ணு பிஎச், இன்னொண்ணு மொத்த காரத்தன்மை, அதாவது தண்ணி எவ்வளவு ஆசிட்ட தாங்கும்ங்கற கொள்ளளவு, அது லிட்டருக்கு இத்தன மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்னு வரும். புதுசா வர்றவங்க ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஒண்ண மட்டும் பாப்பாங்க. பிஎச் 7.6-ன்னு அழகா இருக்கும், காரத்தன்மை அடில கிடக்கும், அப்ப தொட்டில கழிவு சிதையறப்ப வர்ற ஆசிட் பைகார்பனேட்ட தின்னு தீத்துடும், ஒரு ராத்திரில பிஎச் தடால்னு விழும், காலைல மீனெல்லாம் மேல மிதக்கும். இப்படி எவ்வளவு பேர் வந்து அழுதுருக்காங்க தெரியுமா, மீன் செத்தப்புறம் தான் ரெண்டாவது கிட்ட திறக்கறாங்க.

அதே நேரம் பிஎச்ச ஏத்தறேன்னு சலவை சோடாவ கொட்டறவங்களும் இருக்காங்க, அது இன்னும் கொடுமை. மீன் கழிவுல வர்ற அமோனியா தண்ணில ரெண்டு உருவத்துல இருக்கும், அமோனியம் அயனி அவ்வளவா பண்ணாது, அமோனியாவா இருக்கறது தான் விஷம். 25 டிகிரில பிஎச் 7-னா மொத்தத்துல அரை சதவீதம் சொச்சம் தான் விஷ உருவம், 8-னா 5 சதவீதம், 9-னா 36 சதவீதம். தண்ணில ஒரு துளி கழிவு கூட கூடல, பிஎச் மட்டும் ரெண்டு படி ஏறுச்சு, விஷம் அறுபது மடங்கு ஏறிடுச்சு. அதனால புது தண்ணி மாத்தும்போது கூட பிஎச்ச பாத்து மெதுவா மாத்துங்க.

செடி நிறைய இருக்க தொட்டின்னா காலைலயும் சாயங்காலமும் பிஎச் வேற வேற வரும், பயப்படாதீங்க, பகல்ல செடி கார்பன் டை ஆக்சைட எடுத்துக்கும், பிஎச் ஏறும், ராத்திரி திரும்ப விடும், இறங்கும்.

கேள்விப்பெட்டி:
மீன்தொட்டி, இது அருமை. அமோனியா கணக்க இப்படி யாரும் சொன்னதில்ல.

வெள்ளிக்கிண்ணம்:
ஆல்கலைன் வாட்டர் குடிச்சா உடம்புல ரத்தம் காரமாகும், நோயே வராதுன்னு சொல்றாங்களே, அத பத்தி யாரும் பேசல. அம்மாவுக்கு வாங்கலாம்னு இருக்கேன்.

ஆய்வகவாசி:
தோழி, காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கேட்டீங்களே, சந்தோஷம். நீலலிட்மஸ் மேல போட்ட கணக்க ஒரு தடவ பாருங்க, பிஎச் 9 தண்ணி ஒரு டம்ளர் வயித்துல நாலு சொட்டு ஆசிட்ட தான் சரிக்கட்டும். பாட்டில்ல பைகார்பனேட் சேத்துருந்தா கொஞ்சம் கூடும், ஆனா பாட்டில் மேல பெருசா போடறது பிஎச் எண்ண தானே, அந்த எண்ண வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ரத்தத்தோட பிஎச் 7.35-ல இருந்து 7.45-க்குள்ள, அந்த குட்டி இடைவெளிய நுரையீரல் மூச்சு வழியா கார்பன் டை ஆக்சைட வெளிய தள்ளியும் சிறுநீரகம் மிச்ச அமிலத்தையோ காரத்தையோ வெளியேத்தியும் காப்பாத்துது. 7.45-ஐ தாண்டுனா அது ஆரோக்கியம் இல்ல, டாக்டர் பாக்க வேண்டிய நிலைமை. அம்மாவுக்கு சிறுநீரகப் பிரச்சனையோ பிரஷரோ இருந்தா சமையல் சோடாவ தண்ணில போட்டு குடுக்கறதும் வேண்டாம், அதுல கால்வாசிக்கு மேல சோடியம் தான். நல்ல குடிதண்ணியே போதும்.

வெள்ளிக்கிண்ணம்:
சரிங்க. ரொம்ப நன்றி.

நைட்ஷிப்ட்:
ஸ்கேல் 0-ல ஆரம்பிச்சு 14-ல முடியுதுல்ல, 14-க்கு மேல காரமே கிடையாதா? யாரு இந்த 14-ஐ வெச்சது?

நீலலிட்மஸ்:
யாரும் வேலி போட்டு வெக்கல. பிஎச்ச கொண்டு வந்தது டென்மார்க்காரர் சோரன்சென், 1909-ல, கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துல என்சைம் ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தப்ப. என்சைம் வேலை செய்யறது அமிலத்தன்மைய பொறுத்து ரொம்ப மாறும், 0.0000001-ன்னு ஒவ்வொரு தடவையும் எழுத முடியாதுன்னு பத்தோட அடுக்க மட்டும் எடுத்து எண்ணா வெச்சாரு. 14 வர்றது தண்ணியால. 25 டிகிரில தண்ணில ஹைட்ரஜன் அயனி செறிவையும் ஹைட்ராக்சைடு செறிவையும் பெருக்குனா 10-ன் மைனஸ் 14-ம் அடுக்கு வரும், அதனால ரெண்டு பக்க அடுக்கையும் கூட்டுனா 14. ஒரு லிட்டர்ல ஒரு மோல் காஸ்டிக் சோடா போட்டா 14, அதுக்கு மேல செறிவு ஏத்துனா 14-ஐ தாண்டும், 12 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 0-க்கு கீழ மைனஸ்ல போகும்.

இன்னொரு அழகான விஷயம், 7 தான் நடுநிலைங்கறதும் 25 டிகிரிக்கு மட்டும் தான். சூடு ஏறுனா தண்ணி இன்னும் கொஞ்சம் அயனியா பிரியும், 60 டிகிரில நடுநிலை 6.5 பக்கம், கொதிக்கற தண்ணில 6.1. அது அமிலம் ஆயிடல, ரெண்டு அயனியும் சமமா தான் கூடிருக்கு.

சும்மா ஒரு புதிர், பிஎச் 11 காஸ்டிக் கரைசலும் பிஎச் 13 காஸ்டிக் கரைசலும் சம அளவு கலந்தா என்ன வரும்?

நைட்ஷிப்ட்:
12?

துடைப்பம்:
12 இல்ல போல, இவர் கேக்கறதுலயே தெரியுது 😊 லாக் ஸ்கேல்னா சராசரி போட முடியாதே. 0.001-உம் 0.1-உம் கூட்டி பாதி, 0.0505. அப்ப 12.7?

நீலலிட்மஸ்:
சபாஷ் துடைப்பம், 12.7 தான். அதே மாதிரி பிஎச் 13 கரைசல 10-க்கு இறக்கணும்னா ஒரு மில்லிய ஒரு லிட்டர் ஆக்கணும்.

கேள்விப்பெட்டி:
மீட்டர் வாங்கலாமா, ஸ்ட்ரிப்பே போதுமா? ஸ்ட்ரிப்ல கலர் பாக்க கஷ்டமா இருக்கு.

ஆய்வகவாசி:
வீட்டு வேலைக்கு ஸ்ட்ரிப் போதும், பகல் வெளிச்சத்துல, பாக்கெட்ல போட்ட நேரத்துக்குள்ள பாருங்க. பிளீச்சிங் திரவத்துல ஸ்ட்ரிப்ப போட்டா சாயத்தையே வெளுத்துடும், மொத செகண்ட்ல தெரியுற கலர் தான் கணக்கு. மீட்டர்னா பராமரிப்பு வேணும். மீட்டர் நுனில இருக்க கண்ணாடி குமிழ காய விடக்கூடாது, அதுக்காக காய்ச்சி வடிச்ச தண்ணிலயும் போட்டு வெக்கக்கூடாது, பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல வெக்கணும். பஃபர்னா பிஎச் சுலபமா மாறாத, எண் தெரிஞ்ச கரைசல், 7.00 பஃபரோட 10.01 பஃபரும் வெச்சு சரி பாருங்க, காரம் அளக்கறவங்க 4-ஐயும் 7-ஐயும் மட்டும் வெச்சு நிறுத்திடறாங்க. அந்த 10 பஃபர் பாட்டில திறந்து வெச்சா காத்துல இருக்க கார்பன் டை ஆக்சைட குடிச்சு தானா கீழ இறங்கிடும், புதுசா ஊத்தி பயன்படுத்துங்க, மிச்சத்த பாட்டில்ல திரும்ப ஊத்தாதீங்க. பிஎச் 12-க்கு மேல சோடியம் நிறைய இருந்தா சாதாரண குமிழ் சோடியத்த ஹைட்ரஜன்னு ஏமாந்து உண்மைய விட கம்மியா காட்டும். தானியங்கி வெப்ப ஈடுன்னு மீட்டர்ல போட்டுருப்பாங்க, அது எலெக்ட்ரோடோட சரிவ தான் திருத்தும் (ஒரு பிஎச் படிக்கு எவ்வளவு மின்னழுத்தம் மாறுதுங்கறது, 25 டிகிரில 59 மில்லிவோல்ட்), கரைசலோட பிஎச் சூட்டுல நிஜமாவே மாறுறத அது திருத்தாது.

கட்டிடக்காரன்:
நான் கெமிஸ்ட்ரி ஆள் இல்ல, கட்டுமான ஆள். எங்க கிட்டயும் இதே பிஎச் தான் கம்பிய காப்பாத்துது. ஈர சிமெண்ட் பிஎச் 12-க்கு மேல, அதுல இருக்க கால்சியம் ஹைட்ராக்சைடு லிட்டருக்கு ஒன்றரை கிராம் சொச்சம் தான் கரையும் ஆனாலும் தெவிட்டுன கரைசல் 12.4 வந்துடும். அந்த காரத்துல இரும்புக் கம்பி மேல மெல்லிசா ஒரு ஆக்சைடு படலம் உருவாகி துரு பிடிக்காம வெக்குது. வருஷக்கணக்கா காத்துல இருக்க கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டுக்குள்ள ஊறி அந்த சுண்ணாம்ப கார்பனேட்டா மாத்தும், பிஎச் 9-க்கு கீழ வந்தா படலம் போயிடும், துரு ஆரம்பிக்கும். நாங்க புதுசா உடைச்ச கான்கிரீட் மேல ஃபினால்ஃப்தலின்ங்கற நிறங்காட்டிய தெளிச்சு பாப்போம், உள்ள ரோஸ் கலர் வந்தா காரம் இருக்கு, ஓரமா கலரே வராத பட்டை எவ்வளவு ஆழம்னு ஸ்கேல் வெச்சு அளப்போம். அப்புறம் வேலையாட்களுக்கு, பூட்ஸுக்குள்ள சிமெண்ட் தண்ணி போனா வேலை முடியட்டும்னு நிக்காதீங்க, உடனே கழட்டி கழுவுங்க, முழங்கால் போட்டு பூசுறவங்களுக்கு தோல் வெந்து போனத பாத்துருக்கேன்.

ஆய்வகவாசி:
கட்டிடக்காரன் சார், கடைசி வரிய பெருசா எழுதி ஒட்டணும்.

கேள்விப்பெட்டி:
ஃபினால்ஃப்தலின் என் கிட்டயும் இருக்கு. சமையல் சோடா கரைசல்ல விட்டா ரோஸ் வந்த மாதிரியும் இருக்கு வராத மாதிரியும் இருக்கு.

நீலலிட்மஸ்:
அது 8.2-ல நிறம் எடுக்க ஆரம்பிச்சு 10-ல முழு ரோஸ் ஆகும், உங்க சோடா 8.3, வாசல்லயே நிக்குது. சலவை சோடால விடுங்க, பளிச்சுன்னு வரும். ரொம்ப கெட்டியான காஸ்டிக்ல விட்டா மொதல்ல ரோஸ் வந்து மெல்ல மெல்ல நிறமே இல்லாம போயிடும், காரம் இல்லன்னு நினைச்சு கைய விட்டுடாதீங்க.

கையில இருக்கும்போதே இத ஒண்ணு பண்ணி பாருங்க. ஒரு கிராம் சமையல் சோடாவ எடை போட்டு, அடுப்புல காஞ்ச இரும்பு தட்டுல போட்டு நல்லா வறுத்து எடுங்க, தண்ணி ஆவியும் கார்பன் டை ஆக்சைடும் போய் 0.63 கிராம் சோடியம் கார்பனேட் மிஞ்சும், அதாவது சலவை சோடா. 200 மில்லில கரைச்சா பிஎச் 11-ஐ தாண்டும், முன்னாடி 8.3. இப்ப வினிகர ஊத்தி எவ்வளவு தாங்குதுன்னு பாருங்க.

கேள்விப்பெட்டி:
பண்ணிட்டேன் அண்ணா. பிஎச் ஸ்ட்ரிப் கரு நீலம். ஆனா ஆசிட்டு வறுக்காத ஒரு கிராமுக்கு எவ்வளவு போச்சோ கிட்டத்தட்ட அதே அளவு தான் போச்சு! பிஎச் மூணு படி ஏறியும் தாங்கு சக்தி கூடவே இல்ல?

நீலலிட்மஸ்:
கூடாது. ரெண்டு பைகார்பனேட் சேந்து ஒரு கார்பனேட் ஆச்சு, ஒரு கார்பனேட் ரெண்டு ஹைட்ரஜன் அயனிய வாங்கும், உள்ள இருக்க சோடியம் அப்படியே தானே இருக்கு. அடுத்த தடவ ஃபினால்ஃப்தலின் விட்டு ஆசிட்ட மெதுவா கலக்கிக்கிட்டே ஊத்துங்க, ரோஸ் மறையற வரைக்கும் எவ்வளவு போச்சுன்னு குறிச்சுக்கோங்க, அது தான் கார்பனேட் பைகார்பனேட் ஆகுற கட்டம், அங்க நுரை பெருசா வராது. அதுக்கப்புறம் அதே அளவு இன்னொரு தடவ ஊத்துனா தான் மிச்சமும் தீரும், நுரை பொங்கறது இந்த ரெண்டாவது பாதில. வேகமா ஊத்திட்டா விழற இடத்துலயே ரெண்டு கட்டமும் ஒண்ணா நடந்து மொத பாதிலயே நுரை வந்து குழப்பும், அதனால சிரிஞ்ச் இருந்தா அதுல எடுத்து விடுங்க.